பூசணிக்காய் வந்தது, ஈசாக்கு வரவில்லை

தபித்தாளுக்குச் சீட்டில் ‘பொறுமை’ விழுந்ததும் கல்பொத்தைத் தோட்டத்து மாதர் சங்கம் மொத்தமும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. அந்தச் சங்கத்தின் வழக்கம் அப்படி. மாதக் கடைசி ஞாயிறு பெண்கள் கூடுவார்கள். அடுத்த மாதம் யார் எதைப் பற்றிப் பேசுவது என்று பிஸ்கட் டின்னுக்குள் கைவிட்டுச் சீட்டு எடுப்பார்கள். அன்பு, ஈகை, தாழ்மை என்று டின் நிறையச் சீட்டு கிடக்க, இவள் கைக்கு அகப்பட்டது அது. போதகர் சிரிப்பை மறைக்க ரொம்ப நேரம் இருமினார்.

“எதுக்கு இளிக்கிறீங்க? நான் பேச மாட்டேனா? நாளைக்கே பேசுறேன்!” என்றாள் தபித்தாள். ஒரு மாதம் பொறுக்கக்கூட இவளால் முடியவில்லையே என்று மறுபடியும் சிரித்தார்கள்.

அவள் சுபாவம் அது. சோறு வெந்ததா என்று பார்க்க மூன்று தடவை மூடியைத் திறப்பாள். அதனாலேயே லயத்து வரிசை வீடுகளில் கடைசியாக வேகிறது அவள் வீட்டுச் சோறுதான். பஸ் வளைவில் தலைகாட்டுமுன்னே பஸ்ஸைத் திட்டத் தொடங்குவாள். மிளகு பறிக்கப் போனால் கொடிக்கே வலிக்கும். கை வேகம், வாய் அதைவிட வேகம். ஜெபமும் அப்படித்தான். ஆண்டவரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, ஆமென் சொல்லும்போதே வந்துவிட்டதா என்று வாசலை எட்டிப் பார்க்கிற ரகம். ஆனால் அந்த வாய்க்குப் பின்னால் கள்ளம் கிடையாது. லயத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் கஞ்சிச் சட்டியோடு ஓடுகிறவள் அவள்தான். நடந்து போனால் ஆறிவிடும் என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் ஈசாக்கு. தோட்டத்துக் கொக்கோ ஸ்டோரில் வேலை. பச்சைக் கொக்கோக் கொட்டையை வாழையிலை போட்டு மூடி ஆறு நாள் புளிக்க வைப்பார்கள். இரண்டு நாளுக்கு ஒரு தடவை புரட்டிவிட வேண்டும். மற்ற நேரத்தில் திறந்து பார்க்கக் கூடாது, சூடு போய்விடும். அவசரக்காரன் கையில் கொடுத்தால் அத்தனையும் பாழ். ஈசாக்குவை அவர் தாய் அந்த வேலைக்கென்றே பெற்றிருந்தாள் என்று சொல்ல வேண்டும்.

“செருப்பு மாட்ட அஞ்சு நிமிசம். அதுல எது எடது, எது வலதுன்னு யோசிக்க மூணு நிமிசம்,” என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சந்திரகாந்தாவிடம் சொல்லிச் சலித்துக்கொள்வாள் தபித்தாள். சொல்லும்போதே அந்தச் செருப்பைத் துடைத்து வைத்துக்கொண்டும் இருப்பாள். ஒரே மகளைக் கலேவெலப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு திட்டுவதற்கும் கொஞ்சுவதற்கும் அவளுக்கு இருந்த ஒரே ஆள் அவர்.

ஈசாக்கு பிறக்கும்போது ஈசாக்கு இல்லை. பக்கத்து டிவிசன் இராமசாமியின் மகன் பழனிமுத்து. தபித்தாளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று வந்து நின்றபோது, ஞானஸ்நானம் எடுத்தால் பார்க்கலாம் என்றார் அவள் அப்பா. அதுவும் உடனே கிடையாது. பெண்ணுக்காக எடுக்கிறானா, ஆண்டவருக்காக எடுக்கிறானா என்று மூன்று வருஷம் பார்க்க வேண்டுமாம். மூன்று வருஷமும் ஞாயிறு தவறாமல் வந்து ஆலயத்தின் கடைசி வாங்கில் உட்கார்ந்தார் மனுஷன். அந்த மூன்று வருஷமும் தபித்தாள் வீட்டில் போட்ட சண்டை தோட்டத்துக்கே தெரியும். கடைசியில் ஓடையில் முழுக்குக் கொடுத்து ஈசாக்கு என்று பேர் வைத்தார்கள்.

“பழைய ஆளு தண்ணியோட போயிட்டாரு. இனி எவளாச்சும் அந்தப் பேரச் சொன்னீங்க, பார்த்துக்கங்க!” என்று அன்றைக்கே லயத்தில் அறிவித்துவிட்டாள். மற்றப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். தபித்தாள் சொல்வாள். வேதத்தில் உள்ள பேரைச் சொல்ல என்ன வெட்கம் என்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் தோட்டம் முழுவதற்கும் அவர் ஈசாக்கு ஆகிவிட்டார். தோட்டத்து ஒபீஸில் இருந்த பதிவிலும், அதைப் பார்த்து எழுதிய ஐடென்டி கார்டிலும் மட்டும் பழனிமுத்து அப்படியே இருந்தார். அந்தக் காகிதங்களை யாரும் கொண்டுபோய் ஓடையில் முக்கவில்லை.

இலங்கையில் தொண்ணூற்றாறாம் வருஷம் அது. சண்டை வடக்கில் நடந்தது, சோதனை எல்லா இடத்திலும் நடந்தது. நாலு மைலுக்கு ஒரு செக்பொயின்ட். பஸ்ஸை நிறுத்துவார்கள், ஐடென்டியைப் பார்ப்பார்கள், பேரைக் கேட்பார்கள். தமிழ்ப் பேர் என்றால் இரண்டாம் தடவை பார்ப்பார்கள்.

சீட்டு எடுத்ததற்கு அடுத்த மாதக் கடைசி ஞாயிறு அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதலாவதை ஆலயத்தில் கொண்டுவந்து வைக்கிற நாள். அன்றைக்குப் பின்னேரம்தான் தபித்தாளின் பொறுமைப் பேச்சும். நாவுலையில் வாழ்க்கைப்பட்டிருந்த ஈசாக்குவின் தங்கை காத்தாயி, வேறு சாமி கும்பிட்டாலும், அண்ணன் ஆலயத்துக்கென்று மூன்று பூசணிக்காய் ஒதுக்கி வைத்திருந்தாள். அதை எடுத்துவர வியாழக்கிழமை லீவு போட்டுப் புறப்பட்டார் ஈசாக்கு. ஆறரை மணி பஸ். ஆறு இருபதுக்கு அவர் மூன்றாவது பொத்தானில் இருந்தார்.

“இன்னும் அந்தப் பொத்தானோட என்ன குடித்தனம்? பஸ்ஸு ஒங்களுக்கு மாலை போடக் காத்துக்கிட்டு நிக்குதா?”

“வரும் தபித்தா. ஒன்னு போனா இன்னொன்னு வரும்.”

“இன்னொன்னு பத்து மணிக்குத்தான் வரும்! இப்புடி அசைஞ்சு அசைஞ்சு நின்னு என் உசுர வாங்காம, போய்த் தொலைங்க!”

ஈசாக்கு சிரித்தார். “போயிட்டு வாறேன்,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அவள் உள்ளே திரும்பி அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

பின்னேரம் ஐந்து மணி பஸ்ஸில் பூசணிக்காய் வந்தது. ஈசாக்கு வரவில்லை.

சாக்கை இறக்கி வைத்த கொண்டக்டர் பையன் அவள் முகத்தைப் பார்க்காமல் சிங்களத்தில் சொன்னான். “ஒங்க ஆள செக்பொயின்ட்ல எறக்கிட்டாங்க, அக்கே. ஏன்னு கேக்க விடல. பஸ்ஸ எடுக்கச் சொல்லிட்டாங்க.” சாக்குக்குள் மூன்று காயும் இருந்தன. அதில் ஒன்றை இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்திருந்தார்கள். ஏழு ஓட்டை. ஓட்டை வழியே மஞ்சள் சதை தெரிந்தது.

தபித்தாள் அந்தக் காயைப் பார்த்தபடி ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையில் தான் சொன்ன வார்த்தை அப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் போனாள். அந்தச் செக்பொயின்டில் பிடித்தவர்களை வைத்திருக்கும் பொலிஸ் நிலையம் எது என்று கேட்டுக்கொண்டு அங்கே போய் நின்றாள். அது எந்த ஊர்ப் பொலிஸ் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். எங்கே போனாலும் அதே காக்கி, அதே கொப்பி. வாசலில் உட்கார்ந்திருந்த சார்ஜன் பேரைக் கேட்டார்.

“ஈசாக்கு!”

சார்ஜன் கொப்பியில் விரலை ஓட்டினார். “அப்படி ஒருத்தன் இல்லை.”

“இல்லேன்னா? பஸ்ஸுல இருந்து எறக்குனது யாரு? பூசணிக்காய அனுப்பத் தெரியுது, ஆள அனுப்பத் தெரியலயா? ஈசாக்கு! நல்லா பாருங்க, ஈசாக்கு!” அவளுக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். கோபத்தில் அதுவும் பாதி தமிழாகிவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன சைக்கிள்கள் நின்று பார்த்தன. சார்ஜன் எழுந்து வந்து கதவைக் காட்டினார். வேறு பொலிஸில் போய்க் கேட்கச் சொன்னார்.

அவள் வேறு பொலிஸுக்குப் போனாள். அங்கும் ஈசாக்கு இல்லை. ஆமி காம்ப் வாசலில் கேட்டாள், அங்கும் இல்லை. அன்றைக்கும் மறுநாள் காலையிலும் அவள் ஏறி இறங்காத படி இல்லை. ஆஸ்பத்திரியில்கூடக் கேட்டுவிட்டாள். எந்தக் கொப்பியிலும் ஈசாக்கு என்று ஒரு மனுஷன் பிறந்திருக்கவே இல்லை.

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது ஆண்டவரைப் பிடித்துக்கொண்டாள். ‘மழைக்காக மூன்று மாசம் ஜெபித்தோம். அது உம்முடைய காதில் விழவில்லை. வாய் தவறிப் போய்த் தொலைங்க என்று ஒரு தடவை சொன்னேன், அதை மட்டும் உடனே கேட்டுவிட்டீரா? நான் என்றைக்கு மனசார அப்படிச் சொன்னேன்? என் வாயைப் பற்றி உமக்குத் தெரியாதா?’ இப்படிக் கேட்டுவிட்டு ஜன்னல் கம்பியில் தலையை வைத்து அழுதாள். பக்கத்தில் இருந்த சிங்களத்து அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு வெற்றிலையை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம், மாத்தளை பஸ் ஸ்டாண்டில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றவளை மிளகுக் கடை நுஹ்மான் நானா கண்டார். அவள் வீட்டுக் கொடியில் காய்க்கிற மிளகை வருஷா வருஷம் வாங்குகிறவர்.

“என்ன புள்ள, மொகமெல்லாம் பேயறைஞ்ச மாதிரி?”

அவள் கொட்டித் தீர்த்தாள். “ஈசாக்குன்னு ஒருத்தர் இல்லவே இல்லைங்கிறாங்க நானா. உசுரோட இருக்காரான்னே தெரியல.”

நானா தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். “ஒங்கட மாப்புளட ஐடென்டியில என்ன பேரு?”

“ஐடென்டியிலயா?” என்றாள் தபித்தாள்.

“எங்கட ஆக்களுக்கும் இதே கரைச்சல்தான். ஊட்டுல கூப்புடுறது ஒன்னு, ஐடென்டியில ஒன்னு. பொலிஸ்காரன் கார்ட்டப் பார்த்துத்தான் எழுதுவான், புள்ள. நீங்க கோயில்ல வெச்ச பேரு அவனுக்கு என்ன தெரியும்?”

இரண்டு நாளாகத் தண்ணீரில் போன மனுஷனைத் தேடாமல், தண்ணீரிலிருந்து எழுந்த மனுஷனையே தேடியிருக்கிறாள். பிடித்தவர்களிடம் இருந்ததோ பழைய மனுஷன்.

“பழனிமுத்து,” என்றாள். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேர் அவள் வாயில் வந்தது. யாரோ அந்நிய ஆம்பிளையின் பேரைச் சொன்ன மாதிரி கூசியது.

“ஓடு புள்ள. அல்லாஹ் பார்த்துக்குவான், நீ ஓடு,” என்றார் நானா. அவளை ஓடச் சொன்ன முதல் ஆள் உலகத்தில் அவராகத்தான் இருப்பார்.

முதல் நாள் விரட்டிய அதே சார்ஜன்தான் வாசலில் இருந்தார். பழனிமுத்து என்றதும் விரல் ஒரே இடத்தில் போய் நின்றது. “இருக்கிறான்.” பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நேற்று நீ வேறு ஒருத்தனைக் கேட்டாயே?”

சார்ஜன் சொல்லச் சொல்லத்தான் அவள் செய்த காரியத்தின் கனம் அவளுக்கு விளங்கியது. செக்பொயின்டில் பேர் கேட்டபோது ஈசாக்கு யோசித்திருக்கிறார், அவர் எதற்குத்தான் யோசிக்கவில்லை! ஆலயத்துப் பூசணிக்காயோடு நிற்கிறோம், ஆலயத்துப் பேரைச் சொல்வதுதான் நியாயம் என்று பட்டிருக்கிறது. ஈசாக்கு என்றார். காய் ஆலயத்துக்கு என்று போதகர் எழுதிக் கொடுத்து, சட்டைப்பையில் இருந்த கடிதத்திலும் ஈசாக்கு. ஐடென்டியில் பழனிமுத்து. எதற்கு இரண்டு பேர் என்று அமுக்கிவிட்டார்கள். விசாரித்துப் பார்த்து விட்டுவிடத்தான் இருந்தார்களாம். அதற்குள் ஒரு பெண் வந்து, ஐடென்டியில் இல்லாத பேரை ஊருக்கே கேட்கக் கத்திவிட்டுப் போக, அது இயக்கத்துப் பேரோ என்று சந்தேகம் கூடிவிட்டது.

“பெரிய மாத்தயாகிட்ட சொல்லிட்டோம். அவர் திங்கக்கிழமைதான் வருவார். அவர் பார்க்காம விட ஏலாது. கொழும்புக்கு அனுப்புறதா, விடுறதான்னு அவர்தான் சொல்லணும்.”

கொழும்பு! அங்கே அனுப்பப்பட்டவர்கள் எப்போது வருவார்கள் என்று எந்தத் தோட்டத்திலும் யாருக்கும் தெரியாது. நாக்கு நுனி வரை வந்தது ஒரு பெரிய சத்தம். அதை விழுங்கினாள். அவள் வாய் செய்தது போதும்.

தோட்டத்துக்கு ஓடி, அவர் தோட்டத்து ஆள்தான் என்று ஒபீஸ் பெரிய கிளாக்கரிடம் ஒரு கடிதம் வாங்கினாள். போதகர், படிப்பு முடித்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளம் பிள்ளை, ஞானஸ்நானப் பதிவைப் பார்த்து, அந்த இரண்டு பேர்களும் ஒரே ஆளுடையவை என்று எழுதிக் கொடுத்தார்.

“என் கடிதாசியாலதான் அக்கா இவ்வளவும். என்ன சொல்லி ஒங்களத் தேத்துறதுன்னே தெரியல.”

“ஒன்னும் சொல்ல வேணாம் ஐயா. சீல் நல்லா விழுந்திச்சான்னு மட்டும் பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆலயத்துக்குப் போகவில்லை. பொலிஸுக்கு எதிரே ஒரு வாகை மரம், அதன் கீழ் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்து ஆகப்போவது ஒன்றும் இல்லை என்று தெரியும். வீட்டிலும் இருக்க முடியவில்லை. அவளுடைய கைகளுக்கு வேலை இல்லாத நாள் அதற்கு முன் ஒன்று வந்ததில்லை. சேலைத் தலைப்பை முடிந்தாள், அவிழ்த்தாள். ஒரு மணிக்கூடு போனது. இன்னொரு மணிக்கூடும் போனது. கத்துவதற்கு ஆள் இல்லை, ஓடுவதற்கு இடம் இல்லை.

ஆண்டவரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாயிற்று. திரும்பக் கேட்க வாயெடுத்தவள் நிறுத்தினாள். வீட்டுச் சோற்றுப் பானை ஞாபகத்துக்கு வந்தது. மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற மாதிரித்தான் இத்தனை வருஷமும் ஜெபித்திருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. கேட்டதைக் கொடுக்கிறவர் கையில் விட்டுவிட்டுச் சும்மா இருந்ததே இல்லை. ‘சரி, இன்றைக்குத் திறக்கவில்லை. உம்முடைய அடுப்பு, உம்முடைய பானை. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்,’ என்றாள். சொன்னதும் நிம்மதி வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பயம் அப்படியே இருந்தது. பயத்தோடேயே உட்கார்ந்திருக்க முடிந்தது, அவ்வளவுதான்.

பண்டிகை முடிந்து சந்திரகாந்தா ஒரு சோற்றுப் பார்சலோடு வந்தாள். மாதர் சங்கத்துப் பெண்கள் கட்டிக் கொடுத்தது. “ஓட்டை விழுந்த காயத்தான் ஐயா எல்லாத்துக்கும் முன்னால வச்சாராம். ஒன் பேச்ச வேற யாரும் பேசலையாம். எல்லாரும் முட்டி போட்டு ஒங்க ரெண்டு பேருக்காகவும் ஜெபிச்சாங்களாம்.” பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். “நானும் எங்க கோயில் ஆத்தாகிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சிருக்கேன். கோவிச்சுக்காத.”

வேறு நாளாக இருந்தால் ஒரு பிரசங்கமே நடந்திருக்கும். “கோவமா? போடி,” என்று அவள் தோளில் சாய்ந்து அழுதாள் தபித்தாள்.

பார்சலை அவள் சாப்பிடவில்லை. வாசலுக்குக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் நீட்டினாள். ஒரு இளம் பொலிஸ்காரன் சார்ஜனைத் திரும்பிப் பார்த்தான். சார்ஜன் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்சல் உள்ளே போயிற்று. கால் மணி கழித்து அந்தப் பையன் வெளியே வந்து, சாப்பிட்டாச்சு என்று கையால் காட்டினான். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது அதுதான். அதுவே பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை பெரிய மாத்தயா வந்தார். காலை எட்டு மணிக்கே கடிதங்கள் உள்ளே போய்விட்டன. பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் முன்னால் போய் வந்தார்கள். தபித்தாள் வாங்கிலிருந்து அசையவில்லை. மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டார்கள்.

பெரிய மாத்தயா நரைத்த மீசைக்காரர். திருகோணமலையில் வேலை செய்தவராம், தமிழ் தெரிந்தது. இரண்டு கடிதங்களையும் மேசையில் விரித்து வைத்திருந்தார்.

“கடுதாசி யாரும் எழுதலாம். பொம்பள, நீ இவன்ட பெஞ்சாதிதானா? இவன் சொல்றது எல்லாம் உண்மையா? நான் எப்படி நம்புறது?” என்றவர், ஒரு துண்டுக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். “ஒரே கேள்வி. அவன்கிட்டயும் கேட்டு எழுதி வச்சிருக்கேன். வியாழக்கிழமை அவன் வீட்ட விட்டுப் போற நேரம் நீ கடைசியா என்ன சொன்ன?”

உலகத்தில் வேறு எந்தக் கேள்வியும் இந்த மனுஷனுக்குக் கிடைக்கவில்லையா! அவள் தலை குனிந்தது. நல்ல பெண்சாதி சொல்லக்கூடிய வார்த்தைகள் ஆயிரம் இருந்தன. ஒன்றைச் சொல்லிவிடலாம். ஆனால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பாரே. அவர் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. அதோடு, நான்கு நாளாக அவள் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்த வார்த்தை அது.

“போய்த் தொலைங்கன்னு சொன்னேன், சார்,” என்றாள். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். “என் வாயால நான்தான் சொன்னேன். அவரு சிரிச்சுக்கிட்டே போனாரு. நான் திரும்பிக்கூடப் பார்க்கல.”

பெரிய மாத்தயா காகிதத்தைப் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது. “இங்க அப்படி இல்லையே. ‘கவனமா போயிட்டு வாங்க, ஒங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டு இருப்பேன்’ன்னு நீ சொன்னதா அவன் சொல்றான்.”

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் பொய் சொல்லியிருக்கிறார், அதுவும் இன்றைக்கு. ஒரே ஒரு தடவை அவள் யோசித்துப் பேசியிருக்கிறாள், அதுவும் இன்றைக்கு. இரண்டும் சேர்ந்து அவரைக் கொழும்புக்கு அனுப்பப் போகிறது.

“கூட்டிட்டு வா அவன,” என்றார் பெரிய மாத்தயா.

ஈசாக்குவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான்கு நாள் தாடி. ஒரு கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. செருப்பு இல்லை. அவளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது, அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

“இவ போய்த் தொலைங்கன்னு சொன்னதா சொல்றா. நீ வேற சொல்ற. ரெண்டு பேர்ல யாரு பொய்?”

ஈசாக்கு யோசித்தார். சீக்கிரம் சொல்லுங்களேன் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை.

“ரெண்டு பேருமே பொய் சொல்லல, சார்,” என்றார் கடைசியில். “அவ சொல்றது, அவ வாயி சொன்னது. நான் சொன்னது, அவ சொன்னது.”

பெரிய மாத்தயா அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு அந்த நரைத்த மீசை ஒரு பக்கமாக இழுபட்டது. “எத்தனை வருஷம்?”

“இருபத்திரெண்டு, சார்.”

“என் வீட்டுல முப்பது,” என்றார் அவர். காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார். “இவளக் கட்டினவனத் தவிர வேற எவனும் இப்படிச் சொல்ல மாட்டான். ஐடென்டிய கொடுத்து அனுப்பு. போ ஐயா. இனிமே எவன் கேட்டாலும் கார்ட்டுல உள்ள பேரச் சொல்லு.”

இருவரும் வெளியே வந்து நடந்தார்கள். அவர் கால் நொண்டியது. அவள் தன் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் போட்டாள். அவருக்கு அது பாதிப் பாதத்துக்குத்தான் வந்தது. போட்டுக்கொண்டு நடந்தார்.

“வெள்ளிக்கிழமை நீ வந்தது எனக்குக் கேட்டுச்சு,” என்றார்.

அவள் நின்றுவிட்டாள்.

“பின்னாலதான் அடைச்சு வச்சிருந்தாங்க. ஈசாக்கு, ஈசாக்குன்னு நீ கேட்ட. இங்க இருக்கேன்னு நானும் கத்துனேன். ஒன் சத்தத்துக்கு முன்னால என் சத்தம் எங்க எடுபடுது. அப்பறம் நீ போயிட்ட. அதுவும் கேட்டுச்சு.”

“ஐயோ, ஆண்டவரே...”

“அன்னைக்கித்தான் எனக்கு எல்லாம் விட்டுப்போச்சு, தபித்தா. பொறுமைசாலி, பொறுமைசாலின்னு ஊரே சொல்லுது. அன்னைக்கி முழுக்க நான் ஆண்டவரோட சண்டை. வாசல் வரைக்கும் கொண்டாந்துட்டு, திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிட்டீரே, நீரும் அவ கூடவே போயிட்டீரான்னு கேட்டேன். ஜெபமே வரல. சுவத்துல தலைய முட்டிக்கிட்டேன்.”

தபித்தாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பது அவளுக்குத் தெரியவில்லை. “பக்கத்துல வந்து நின்னு, ஒங்கள விட்டுட்டுப் போயிட்டேனே.”

“நீ எங்க விட்டுட்டுப் போன?” என்றார் ஈசாக்கு. “மறுநாள் விடியக்குள்ளதான் எனக்கு அது தோணிச்சு. நீ போனதே என்னத் தேடித்தானேன்னு. ஆண்டவரும் அதுக்குத்தான் ஒன் கூடப் போயிருப்பாருன்னு நெனச்சேன். அதுக்கப்பறம் உக்காந்துட்டேன்.”

புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடக்கிற வழக்கம் தோட்டத்துப் பெண்களுக்குக் கிடையாது. தபித்தாள் பிடித்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வெறுங்காலோடு, அவருடைய நடைக்கு நடந்தாள்.